மோசமான ஒரு நொடிக்கான பிஸ்டன்

பிஸ்டன் விற்பவர்கள் எடையைச் சொல்வார்கள், எத்தனை குதிரைத்திறன் தாங்கும் என்பதைச் சொல்வார்கள். நைட்ரஸ் ஏற்றிய பந்தய எஞ்சினுக்கு வாங்குகிறவர் வேறொன்றைக் கேட்க வேண்டும்: ஓட்டத்தின் நடுவே பெட்ரோல் ஒரு கணம் குறைந்தால் இந்த பிஸ்டனுக்கு என்ன ஆகும்? எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் சுமாரான பிஸ்டனும் கரையேறிவிடும். கோளாறு நேரும் நொடியில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தர வேறுபாடு தெரியவரும். அந்த நொடியையே அளவுகோலாக வைத்து பிஸ்டன், ரிங் இரண்டையும் இங்கே எடைபோடுகிறேன்.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது என்பதால் ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்3. 2008ஆம் ஆண்டு மாடல் கார்வெட்டில் வந்த 6.2 லிட்டர் வி8. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 103.25 மி.மீ., திறன் 430 குதிரைத்திறன். அமெரிக்காவின் கால் மைல் டிராக் பந்தயங்களில், அதாவது 402 மீட்டர் நேர்ப்பாதையில், நைட்ரஸ் ஏற்ற விரும்புவோர் பலர் கைவைக்கும் எஞ்சின் இது. இதன்மேல் இன்னும் 250 குதிரைத்திறனை நைட்ரஸால் ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம்.

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியாது. எரிவதற்கான ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது. காற்றின் எடையில் ஆக்சிஜன் ஏறத்தாழ 23 விழுக்காடு, நைட்ரஸில் 36 விழுக்காடு. சுமார் 300 டிகிரி செல்சியஸில் அதன் மூலக்கூறு பிரிந்து ஆக்சிஜன் விடுபடும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் காற்று மெலிந்த உயரங்களில் ஜிஎம்-1 என்ற அமைப்பின் வழியே எஞ்சினுக்குள் செலுத்தியதும் இதே வாயுதான். டர்போ எஞ்சினில் அழுத்தம் படிப்படியாக ஏறும். நைட்ரஸில் சொலினாய்டு வால்வு திறந்த மாத்திரத்தில் மொத்தச் சுமையும் பிஸ்டன் தலைமேல் இறங்கிவிடும். ஆக்சிஜன் செறிந்த கலவை வேகமாக எரிவதால் உச்ச அழுத்தமும் முந்திக்கொண்டு வரும். ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் இக்னிஷன் டைமிங்கை ஏறத்தாழ 2 டிகிரி தாமதப்படுத்துவது இதற்காகத்தான். டைமிங்கோ பெட்ரோலோ பிசகினால் டெட்டனேஷன், அதாவது கலவை சுடர் எட்டும் முன்பே தானாக வெடிப்பது, தொடங்கும். பிஸ்டன் தலையின் வெப்பம் சட்டென்று எகிறும்.

அந்த வெப்பத்துக்கு முதலில் பலியாவது மேல் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே விடும் இடைவெளி. பலரும் கையாளும் கணக்கு எளிது: நைட்ரஸ் இல்லாத எஞ்சினுக்கு போர் விட்டத்தை 0.0045ஆல் பெருக்க வேண்டும், கடுமையான நைட்ரஸுக்கு 0.007ஆல். நம் எல்எஸ்3க்கு முன்னது 0.46 மி.மீ., பின்னது 0.72 மி.மீ. கால் மில்லிமீட்டர் வேறுபாடு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். மேல் ரிங்கின் சுற்றளவு ஏறத்தாழ 324 மி.மீ. எஃகு ஒரு டிகிரி வெப்பத்துக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். அப்படியானால் ரிங் சிலிண்டர் சுவரைவிட 100 டிகிரி அதிகமாகச் சூடேறும்போது இடைவெளியில் 0.39 மி.மீ. காணாமல் போகும். சுவரும் எஃகின் அளவுக்கே விரிவதாக எடுத்துக்கொண்ட எளிய கணக்கு இது. 0.46 மி.மீ. விட்டிருந்தால் வேறுபாடு 118 டிகிரியைத் தொடும்போதே இரு முனைகளும் முட்டிக்கொள்ளும். 0.72 விட்டிருந்தால் 185 டிகிரி வரை இடமிருக்கும்.

முட்டிய பிறகு ரிங்குக்கு விரிய இடமில்லை. சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிஸ்டனோ நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இழுபறியில் தோற்பது அலுமினியம். கழற்றிப் பார்த்தால் ரிங்கின் இரு முனைகளும் கண்ணாடிபோல் பளபளக்கும். ரிங்குக்கு மேலுள்ள பிஸ்டன் விளிம்பு துண்டாகப் பெயர்ந்திருக்கும். இடைவெளி தேவைக்கு மேல் இருந்தாலும் இழப்பு உண்டு: கொஞ்சம் வாயு கீழே கசியும், ஆயிலில் கொஞ்சம் அழுக்குச் சேரும். ஆனால் நைட்ரஸ் பாயும்போது ரிங் விரிந்து அந்தக் கசிவையும் குறைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் சில குதிரைத்திறன் நஷ்டம், மறுபக்கம் எஞ்சினே நஷ்டம். இரண்டையும் சம தட்டில் வைக்க முடியாது. ஆகவே 0.72 என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அந்த அளவைக் கொண்டுவரும் வேலைக்கும் பொறுமை வேண்டும். முனையை ராவிச் சரிசெய்வதற்கென்றே சற்று நீளமாக வரும் ரிங்குகளை வாங்க வேண்டும். ஒரு முனையை மட்டும், வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி ராவ வேண்டும். மாற்றி இழுத்தால் முகப்பூச்சு பெயர்ந்துவிடும். ராவிய பிசிரை நீக்கி, ரிங்கை போருக்குள் விட்டு, பிஸ்டனைக் கவிழ்த்துத் தள்ளிச் சாயாமல் உட்காரவைத்து, ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். எட்டு சிலிண்டருக்கும் தனித்தனியாக. ஒன்றை அளந்துவிட்டு மற்ற ஏழையும் அதே அளவென்று நம்புவது குருட்டாம்போக்கு.

இனி பிஸ்டனின் உலோகம். களத்தில் மூன்று இருக்கின்றன. முதலாவது, கம்பெனியிலிருந்தே எல்எஸ்3க்குள் வரும் சிலிக்கான் மிகுந்த வார்ப்பு பிஸ்டன். குறைவாக விரியும், தேயாது, சத்தமில்லாமல் ஓடும். தினசரி ஓட்டத்துக்கு இதைக் குறைசொல்ல வழியில்லை. ஆனால் வளையத் தெரியாத உலோகம். டெட்டனேஷன் அடி விழுந்தால் ரிங் பள்ளங்களுக்கு நடுவிலுள்ள விளிம்பு (ரிங் லேண்ட்) நொறுங்கிவிடும். 250 குதிரைத்திறன் நைட்ரஸுக்கு இது போட்டியிலேயே இல்லை.

இரண்டாவது 4032 என்ற ஃபோர்ஜ்டு கலவை. சிலிக்கான் ஏறத்தாழ 12 விழுக்காடு. மூன்றாவது 2618, இதில் சிலிக்கான் பெயரளவுக்குத்தான், செம்பும் மெக்னீசியமும் நிக்கலும் வலு சேர்க்கின்றன. கான்கார்ட் விமானத்தின் உடலுக்கு எடுத்ததும் இதே குடும்பக் கலவைதான். ஒலியைவிட இருமடங்கு வேகத்தில் பறக்கும்போது சூடேறும் உலோகம் பலமிழக்காமல் இருக்க வேண்டியிருந்தது. 4032க்காக வாதாடுகிறவர்களிடம் நியாயம் உண்டு. 100 டிகிரி ஏற்றத்துக்கு இந்த எஞ்சினின் பிஸ்டன் 4032இல் 0.20 மி.மீ. விரிந்தால் 2618இல் 0.23 விரியும். அதனால் 2618க்குச் சுவரோடு கூடுதல் கிளியரன்ஸ் விட வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்கும். ரிங் பள்ளமும், பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின்னின் துளையும் சீக்கிரம் தேயும். இத்தனையும் உண்மை. ஆனாலும் இவை யாவும் மெதுவாக வரும் குறைகள், அளந்து கண்டுபிடித்து மாற்றிவிடலாம். 4032இன் குறை ஒரே அடியில் வரும்: அடி பலமாக விழுந்தால் விரிசல் விடும். 2618 அதே அடியில் நெளியும். நெளிந்த பிஸ்டனைக் கழற்றி வீசலாம். உடைந்த பிஸ்டன் சிலிண்டரையும் ஹெட்டையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

கலவை சரியாக இருந்தும் வடிவம் தவறினால் பயனில்லை. மேல் ரிங்கை பிஸ்டன் தலைக்கு நெருக்கமாக வைத்தால் எரியாமல் பதுங்கும் கலவை குறையும், புகை சுத்தமாக இருக்கும். அதனால் கார் கம்பெனிகள் ரிங்கை மேலே ஏற்றுகின்றன. நைட்ரஸுக்கு அது ஆகாது. ரிங்கை ஏறத்தாழ 7.5 மி.மீ. கீழே இறக்கி, தலையையும் தடிமனாக விட்ட பிஸ்டனே வேண்டும். அதிலும் எக்ஸாஸ்ட் வால்வின் பக்கம் பாருங்கள்: வால்வுக்காகக் குடைந்த பள்ளத்துக்கும் ரிங் பள்ளத்துக்கும் நடுவே உலோகம் மிக மெலிந்திருப்பது அங்கேதான், வெப்பம் மிகுதியாக இருப்பதும் அங்கேதான். பின்னையும் கனத்த சுவருள்ளதாகவே எடுக்க வேண்டும். எடை கூடும், கூடட்டும்.

மேல் ரிங்குக்கு மாலிப்டினம் பூசிய வார்ப்பிரும்பு ரிங்கும், நைட்ரைடு ஏற்றிய எஃகு ரிங்கும் போட்டி. மாலிப்டினம் ஆயிலைப் பிடித்துவைக்கும், சீக்கிரம் படியும். ஆனால் அது மேலே ஒட்டிய பூச்சு. டெட்டனேஷனில் செதிலாக உதிரும். நைட்ரைடு எஃகின் மேற்பரப்புக்குள்ளேயே ஊறியது, உதிராது. எஃகு பலமானது என்பதால் 1.2 மி.மீ. மெல்லிய ரிங்கையும் அச்சமின்றிப் போடலாம். இரண்டாம் ரிங்கின் இடைவெளி மேல் ரிங்கினதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். மேலே தப்பிய வாயு இரண்டு ரிங்குக்கும் நடுவே தேங்கினால் மேல் ரிங்கை அதன் இருக்கையிலிருந்து தூக்கிவிடும்.

ரிங்குக்குப் பின்னால் வாயு அழுத்தத்தைக் கொண்டுவரும் செங்குத்துத் துளைகள், பந்தயத்துக்கு மட்டுமே ஓடி அடிக்கடி கழற்றப்படும் எஞ்சினுக்குப் பொருந்தும். சாலையிலும் ஓடும் வண்டியில் கரி அடைத்துக்கொள்ளும். அதற்குப் பக்கவாட்டுத் துளைகளே மேல்.

என் தீர்ப்பு இது. 250 குதிரைத்திறன் ஏற்றும் எல்எஸ்3க்கு 2618 ஃபோர்ஜ்டு பிஸ்டன், கீழே இறக்கிய பள்ளத்தில் நைட்ரைடு எஃகு மேல் ரிங், 0.72 மி.மீ. இடைவெளி. நைட்ரஸ் 100 குதிரைத்திறனோடு நின்று, வண்டி பெரும்பாலும் சாலையில் ஓடினால் 4032உம் 0.005 கணக்கில் வரும் 0.52 மி.மீ. இடைவெளியும் போதும், அங்கே 2618இன் தேய்மானம் வீண்செலவு. ஆனால் எந்த பிஸ்டனும் தொடர்ந்து பெட்ரோல் குறைந்த கலவையைத் தாங்காது. நல்ல பிஸ்டன் வாங்கித் தருவது சில நொடி அவகாசம் மட்டுமே. ஆகவே பெட்ரோல் அழுத்தம் இறங்கியதும் நைட்ரஸை நிறுத்தும் சுவிட்சை முதலில் மாட்டுங்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போதவில்லையென்றால் குறைக்க வேண்டியது நைட்ரஸின் அளவைத்தான்.