துறவு என்றால் காவி மட்டுந்தானா? 341ஆம் குறளை மீண்டும் படிப்போம்



‘துறவு’ அதிகாரத்தின் முதல் குறள் நினைவிருக்கிறதா? ‘உதடு ஒட்டாத குறள்’ என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்போம். மாணவர்களும் சொல்லிப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். பொருள் கேட்டால் மட்டும், “எல்லாவற்றையும் விட்டவனுக்குத் துன்பமில்லை” என்று எழுதிவிடுவார்கள். பிழை இங்கேதான். அந்தக் குறளில் ‘எல்லாம்’ என்ற சொல்லே கிடையாது, பாருங்கள்!

வள்ளுவர் ஒரே சொல்லை இரண்டிரண்டு முறை அடுக்குகிறார். எதெதை ஒருவன் விட்டானோ, அததனால் வரும் துன்பம் அவனுக்கு இல்லை என்பது பொருள். அந்த அடுக்கு வெறும் ஓசைக்காக வந்ததல்ல. எல்லாவற்றையும் ஒருங்கே விடுவதே சிறப்பு, ஒவ்வொன்றாக விட்டாலும் அதனதன் துன்பம் நீங்கும் என்றுதான் பரிமேலழகரும் விளக்குகிறார்.

“அப்படின்னா 344ஆம் குறள் முரண்படுதே சார்?” என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒன்றும் இல்லாதிருப்பதே நோன்புக்கு இயல்பு, ஏதேனும் ஒன்று இருந்தாலும் அது மீண்டும் மயக்கத்தில் தள்ளும் என்கிறது அக்குறள். முரண் இல்லை. 341 வாசற்படி, 344 நோன்பு ஏற்றவர் நிற்க வேண்டிய இடம். இரண்டுக்கும் அப்பால், 346இல் ‘நான்’, ‘எனது’ என்ற செருக்கையே அறுக்கச் சொல்கிறார். பொருளை விடுவது எளிது. செருக்கை விடுவதுதான் கடினம்.

வேடத்தை வள்ளுவர் பெரிதாக எண்ணவில்லை. உலகம் பழிப்பதை விட்டுவிட்டால் மொட்டையும் வேண்டாம், சடையும் வேண்டாம் என்று 280இல் சொல்லிவிட்டார். அதற்காக, “இல்லறமும் துறவறமும் ஒன்றே” என்று எழுதிவிடாதீர்கள். துறவறத்துக்கு 13 அதிகாரங்களைத் தனியே ஒதுக்கியவர் அவர்.

தேர்வு முடியும்வரை கைத்தொலைபேசியை ஒதுக்கிவைக்கும் மாணவரைத் துறவி என்போமா? மாட்டோம். ஆனால், 341 சொல்லும் விடுதலையை அவர் கொஞ்சம் சுவைத்திருப்பார். அதையே நண்பர்களிடம் பெருமையடித்தால்? பொருள் போனது, ‘நான்’ போகவில்லை. 346ஐ விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

அடுத்த முறை உதட்டைத் தொட்டுப் பார்த்ததோடு நிறுத்தாதீர்கள். “நீ எதை விடுவாய்?” என்றும் கேட்டுப் பாருங்கள்.