எலிகளும் ஆறாவது அட்டவணையும்

லடாக்கில் 2019க்குப் பிறகு எழுந்த கோரிக்கைகளில் முதன்மையானது ஆறாவது அட்டவணை. 2025 செப்டம்பரில் லே நகரில் நால்வர் செத்ததும் இதையொட்டித்தான். ஆதரிக்க வேண்டிய கோரிக்கை, சந்தேகமில்லை. ஆனால் மலைமக்களின் சுயாட்சிக்கு அதுவே உத்தரவாதம் என்பதுபோல் நம் முற்போக்காளர்கள் பேசுவதுதான் உறுத்துகிறது. அந்த அட்டவணைக்குள் ஏற்கனவே வாழ்ந்து பார்த்தவர்களின் கதை என்ன?

மிசோ மலைகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு ஒருமுறை மூங்கில் ஒட்டுமொத்தமாகப் பூத்துச் சாகும். அந்த விதையைத் தின்று எலி பெருகும். விதை தீர்ந்ததும் வயலுக்கு வரும். இதற்கு 'மௌதாம்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். 1911-12இன் பஞ்சத்தைக் கண்ட கிழவர்கள் அப்போது உயிரோடிருந்தார்கள். 1958 அக்டோபரில் மிசோ மாவட்டக் கவுன்சில் தீர்மானம் போட்டது: பஞ்சம் வரப்போகிறது, நிவாரணத்துக்கு 15 லட்சம் ரூபாய் வேண்டும். மூங்கில் பூத்தா பஞ்சமா, எல்லாம் மூடநம்பிக்கைன்னு அசாம் அரசு ஒதுக்கித் தள்ளியது. 1959இல் எலி வந்தது.

இதை வெறும் நிர்வாகக் கோளாறாக வாசிக்க முடியாது. நிலம், ஜூம் சாகுபடி, திருமணம், வாரிசுரிமை இவற்றில் கவுன்சில் சட்டமியற்றலாம். கவர்னர் கையெழுத்திடாதவரை அது சட்டமில்லை. கவுன்சிலையே அவர் கலைக்கலாம். கஜானாவோ ஷில்லாங்கில். அதாவது 'வழக்காறு' எனும் வட்டத்துக்குள் மலைமகன் தன்னாட்சி உடையவன். பசி என்று வந்தால் மனு கொடுப்பவன். தொல்குடியின் அறிவைக் காட்சிக்கு வைக்கத் தயங்காத அரசதிகாரம், அதே அறிவு பணம் கேட்டு வந்ததும் மூடநம்பிக்கை என்றது.

மாநில சுயாட்சி பேசிப் பழகிய நமக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. தில்லி மட்டுமல்ல, ஒரு மாநில அரசும் மலைகளுக்கு மையமாக இருந்தது. 1960இல் அசாமியத்தை ஆட்சிமொழியாக்கியதும் அதே அரசுதான். இந்தித் திணிப்பை எதிர்த்தவர்களுக்கு இதைப் புரிய வைக்கணுமா என்ன?

பஞ்ச நிவாரணத்துக்கென உருவான மிசோ தேசியப் பஞ்ச முன்னணி 1961இல் லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966இல் கலகம், அந்த மார்ச்சில் இந்திய விமானங்கள் ஐஸால் மீது குண்டு போட்டன. 1986இல் ஒப்பந்தம், 1987இல் தனி மாநிலம்.

அத்தோடு முடிந்ததா? மிசோரமின் தெற்கில் லாய், மாரா, சக்மா மக்களுக்கு 1972 முதல் ஆறாவது அட்டவணையின் கீழ் தனித்தனிக் கவுன்சில்கள் இருக்கின்றன. அவற்றுக்கான நிதி மாநில அரசின் கை வழியாக வருகிறது. அன்று ஷில்லாங் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்று ஐஸால். லடாக் தோழர்கள் அட்டவணையைக் கேட்கும்போது கஜானாச் சாவி யார் இடுப்பில் தொங்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.