வகுப்பறை ஆங்கிலத்தில் கேள்வி எங்கே?

ஆங்கிலம் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் என அன்றாட வகுப்பறை வாக்கியங்களைத் தொகுத்துத் தரும் கையேடுகளைப் புரட்டுகிறோம். மாணவர் பகுதியில் முன்நிற்பது எது? 'மே ஐ கம் இன், சார்?' அடுத்து 'யெஸ், சார்'. பின்னர் 'சாரி, சார்'. ஆசிரியர் பகுதியோ ஆணைகளின் அணிவகுப்பு: 'ஸிட் டௌன்', 'கீப் கொயட்', 'ரிப்பீட் ஆஃப்டர் மீ'. ஏவுபவர் ஒருவர், பணிபவர் மற்றவர். இதுவா மொழிப் பயிற்சி?

ஆணை வாக்கியமே ஆகாதென்று நாம் கூறவில்லை. கேட்டதும் எழுந்து, கேட்டதும் அமரும் குழந்தை, சொல்லின் பொருளைச் செயலால் உணர்கிறது. ஹெரால்டு பாமரும் டோரதே பாமரும் இயற்றி 1925இல் டோக்கியோவில் வெளிவந்த 'இங்கிலீஷ் த்ரூ ஆக்ஷன்ஸ்' காட்டிய வழி அது. ஆனால் அது முதற்படி, முதற்படியே மாடியாகிவிடுமா?

1835இல் மெக்காலே வேண்டியது, ஆள்வோர்க்கும் ஆளப்படுவோர்க்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் ஒரு கூட்டம். 1968இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தமிழோடு ஆங்கிலத்தை ஏற்று இருமொழிக் கொள்கை கண்டது. ஏவல் கேட்கவா? உலகோடு உரையாடவா?

'டூ யூ அண்டர்ஸ்டாண்ட்?' என்றால் வகுப்பே 'யெஸ், சார்' என முழங்கும். விளங்கிற்றா என்பது மட்டும் விளங்காது! 'கிவ் மீ அன் எக்ஸாம்பிள்' என்று ஆசிரியர் கேட்கட்டும், உண்மை வெளிப்படும். மாணவர்க்கு முதற்பக்கத்திலேயே 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்', 'வை?', 'ஐ டோன்ட் அக்ரீ' என்பன இடம்பெறட்டும்.

முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லை. வகுப்பிலும் கேட்க வழியில்லையெனில், எங்கே கேட்பான்?

கேள்வி பழகாத நாக்கு, எம்மொழி பேசினும் அடிமை நாக்கே!