75,000 டாலர் கை

1996இல் ஒரு பேஸ்பால் இதழின் அட்டையில் அமெரிக்க ஒலிம்பிக் அணியின் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) சிலர் சேர்ந்து நிற்கும் படம் வந்தது. அதில் ஆர்.ஏ. டிக்கியின் வலக்கை மட்டும் மற்றவர்களுடையதைப் போல் தொங்கவில்லை, முழங்கையில் சற்றே மடங்கி இருந்தது. அவரைப் புதிய ஆட்டக்காரர்களுக்கான தேர்வின் முதல் சுற்றிலேயே, 18ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்து, 8,10,000 டாலர் தருவதாகப் பேசியிருந்தது டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி. படத்தைப் பார்த்து அணி ஊழியர் ஒருவருக்கு எழுந்த சந்தேகம் மருத்துவப் பரிசோதனைக்கு இட்டுச் சென்றது. முழங்கையின் உட்புறத்தில் எலும்புகளைப் பிணைக்க வேண்டிய நார் அந்தக் கையில் இல்லவே இல்லை. அணி விலையைக் குறைத்தது. டிக்கி கடைசியில் 75,000 டாலருக்குக் கையெழுத்திட்டார்.

இந்தக் கதையை விடாமுயற்சியின் வெற்றியாகவே எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது, அவரை எடைபோட்ட அமைப்பு கேள்விக்கே உள்ளாவதில்லை. மைனர் லீக் என்னும் ஏணி, திறமையைப் படிப்படியாகச் சோதித்து மேஜர் லீகுக்கு அனுப்புவதாகச் சொல்லிக்கொள்கிறது. டிக்கி விஷயத்தில் அது சரியாக எடைபோட்டதா?

முதல் பத்து ஆண்டுகளுக்கு, ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். 2001 ஏப்ரலில் மேஜர் லீகில் கால் வைத்த டிக்கி அங்கே சாதாரணமான பிட்சர். 2003, 2004 இரண்டு ஆண்டுகளிலும் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்து ரன்னுக்கு மேல் கொடுத்தார். அப்போது அவரைக் கீழே அனுப்பியதில் அநியாயம் எதுவுமில்லை.

2005இல் ரேஞ்சர்ஸ் மேலாளர் பக் ஷோவால்டரும் பிட்சிங் பயிற்சியாளர் ஓரல் ஹெர்ஷைசரும் நக்கிள்பாலுக்கு முழுவதுமாக மாறிவிடச் சொன்னார்கள். இந்தப் பெயர் நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கும் பழக்கம்தான், பேஸ்பாலிலிருந்து கிரிக்கெட்டுக்கு வந்தது. சுழற்பந்து வீச்சாளர் விரலால் செய்வதற்கு நேர்மாறானது இது. நகங்களைப் பந்தில் ஊன்றி, ஏறக்குறைய சுழலே இல்லாமல் தள்ளிவிட வேண்டும். சுழலாத பந்தின் தையலில் காற்று மோதும் விதம் மாறிக்கொண்டே இருப்பதால் பந்து எந்தப் பக்கம் விலகும் என்பது வீசியவருக்கே தெரியாது. கொஞ்சம் சுழன்றுவிட்டாலோ அது வெறும் மெதுவான பந்து, அடிப்பவருக்கு விருந்து. 2006 ஏப்ரல் 6 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு எதிராக அதுதான் நடந்தது. டிக்கி நான்கு இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை, ஆறு ஹோம் ரன். உடனே மறுபடியும் மைனர் லீகின் உச்சப் படியான டிரிபிள்-ஏ.

ஏணிக்கு நான் மதிப்பெண் தருவது இந்த இடத்தில்தான். நக்கிள்பாலை வலையில் வீசிக் கற்றுக்கொள்ள முடியாது. நிஜ பேட்டர்களிடம் அடிவாங்க வேண்டும், அதுவும் ஆண்டுக்கணக்கில். 2006 முதல் 2010 வரை ஓக்லஹோமா சிட்டி, நாஷ்வில், பஃபலோ என்று அந்த இடத்தை மைனர் லீக்தான் கொடுத்தது. 2010 ஏப்ரலில் பஃபலோவில் முதல் பேட்டருக்கு ஒரு ஹிட் கொடுத்துவிட்டு, அடுத்த 27 பேரையும் வரிசையாக அவுட்டாக்கினார். சில வாரங்களில் நியூயார்க் மெட்ஸ் அவரை மேலே அழைத்தது.

ஆனால் ஏணியால் ஏன் இவ்வளவு காத்திருக்க முடிந்தது? மைனர் லீக் ஆட்டக்காரர் மலிவானவர் என்பதால். 2023இல் முதல் கூட்டு ஒப்பந்தம் வந்த பிறகே டிரிபிள்-ஏயில் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 35,800 டாலரானது. அதே ஆண்டு மேஜர் லீகின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். மேலே போய்வந்த டிக்கிக்கு அடிமட்ட ஊதியத்தைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் ஊர் ஊராக வீடு மாற்றி, பிள்ளைகளை வளர்த்து, அந்தக் காத்திருப்பின் விலையைக் கொடுத்தது அவர் குடும்பம்தான். அணிகள் காட்டிய பொறுமைக்கு அணிகளுக்குப் பெரிய செலவில்லை.

2012இல் 20 வெற்றி, 6 தோல்வி, 230 ஸ்ட்ரைக் அவுட். 38ஆவது வயதில் நேஷனல் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. நக்கிள்பால் பிட்சர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. ஒற்றை ஆண்டின் அதிர்ஷ்டம் என்பவர்கள் அவருடைய மொத்தக் கணக்கைக் காட்டுவார்கள்: 120 வெற்றி, 118 தோல்வி. எனக்கு அதைவிடக் கனமாகத் தெரிவது வேறொரு கணக்கு. 2011 முதல் 2015 வரை ஐந்து ஆண்டுகளும் தொடர்ந்து 200 இன்னிங்ஸுக்கு மேல் வீசியது அந்தக் கை. மற்ற பிட்சர்கள் எந்த நார் அறுந்து அறுவை சிகிச்சைக்குப் போகிறார்களோ, அந்த நாரே இல்லாத கை.

மருத்துவப் பரிசோதனை தந்த எச்சரிக்கை பொய்த்துவிட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. நக்கிள்பால் முழங்கையை வேகப்பந்து அளவுக்கு வதைப்பதில்லை. ஆனால் அதற்கு முன் கல்லூரியிலும் ஒலிம்பிக்கிலும், பிறகு ஏறக்குறைய பத்து ஆண்டுகள் தொழில்முறையிலும் அதே கை வழக்கமான பந்துகளைத்தான் வீசியது. அது என்ன செய்திருக்கிறது என்பதைவிட அதில் என்ன இல்லை என்பதை வைத்து விலையைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியதை எச்சரிக்கை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு பாதிதான் ஏணிக்குச் சாதகம். களம் கொடுத்ததற்கான பெருமை அதற்கு உண்டு, டிக்கியைக் கண்டெடுத்த பெருமை கிடையாது. வழியைக் காட்டியவர்கள் ஷோவால்டரும் ஹெர்ஷைசரும். விரல்களைத் திருத்தியவர், அதே பந்தை வீசியே பல்லாண்டு ஆடி ஓய்வுபெற்றிருந்த சார்லி ஹஃப். மூவரும் தனிமனிதர்களாகச் செய்ததை அமைப்பு தன் வழக்கமாக்கிக்கொள்ளவே இல்லை. டிக்கி கடைசியாக வீசியது 2017இல். அவருக்குப் பிறகு மேஜர் லீகில் நக்கிள்பாலை நம்பி நின்றவர்கள் ஸ்டீவன் ரைட், மாட் வால்ட்ரன் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. களம் கொடுத்த அந்த ஏணியும் சுருங்கியது: 2021இல் மேஜர் லீக் அணிகளோடு இணைந்த மைனர் லீக் அணிகள் 160இலிருந்து 120ஆகக் குறைக்கப்பட்டன. டிரிபிள்-ஏ தப்பியது. வெட்டு விழுந்தது, கை இன்னும் உருவாகாதவர்கள் நிற்கும் கீழ்ப்படிகளில்.