வலைக்காலுறையும் மேடை உடலும்

மேலைநாட்டு மேடைக் கலைஞர் வலைக்காலுறையை விரும்பி அணிவதற்குக் காமக் கவர்ச்சி ஒன்றையே காரணமாகக் கூறுவது போதாது. வலையின் கண்கள் காலின் முன்புறத்தில் அகன்றும், வளைந்து மறையும் ஓரங்களில் நெருங்கியும் தோன்றுகின்றன. ஓரம் இவ்வாறு கருமையுறுவதால் காலின் திரட்சி தொலைவில் அமர்ந்திருப்பவர்க்கும் புலனாகிறது. ஓவியர் கரிக்கோட்டால் செய்வதை இங்கு நூல் செய்கிறது எனலாம். 1996-இல் பிராட்வேயில் மீண்டும் மேடையேறிய 'சிகாகோ' இசைநாடகத்தில் காட்சியமைப்பு மிகக் குறைவு. பாப் ஃபாஸியின் பாணியில் ஆன் ரெயின்கிங் அமைத்த நுண்ணிய கால் அசைவுகளைப் பார்வையாளரிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பு, கறுப்பு உடைக்கும் வலைக்காலுறைக்குமே பெரிதும் உரியதாயிற்று.

ரிச்சர்ட் ஓ'பிரையனின் 'ராக்கி ஹாரர் ஷோ' (லண்டன், 1973) இவ்விளக்கத்திற்குள் அடங்குவதில்லை. டிம் கரி ஏற்ற ஃபிராங்க்-என்-ஃபர்ட்டர் பாத்திரத்தின் ஆண் கால்களில் அதே வலை ஏறுகிறது. பெண்ணுடலின் இயல்பு எனக் கருதப்பட்ட கவர்ச்சி, எவரும் பூணத்தக்க வேடமாக அங்கு வெளிப்படுகிறது. இதனை வெறுங்கேளிக்கை என ஒதுக்கும் திறனாய்வு இம்மாற்றத்தைக் காணத் தவறுகிறது. சூ பிளேன் வடிவமைத்த அந்நாடக உடைகளில் கிழிந்த வலைக்காலுறைகளும் இடம்பெற்றன. பின்னர் எழுந்த பங்க் உடைமரபுக்கு இவற்றை முன்னோடியாகச் சுட்டுவோர் உளர்.