வெயிலை விலைக்கு வாங்குவது

ஆமைக்கு வீடு வேண்டும் என்று கேட்டால் லண்டன் கடைகளில் முதலில் எடுத்துக் காட்டுவது கண்ணாடிப் பெட்டியைத்தான். உள்ளே ஒரு சுருள் பல்பு, அடியில் ஒரு சூடேற்றும் பாய், சுவரில் ஒட்டுவதற்கு வட்டமாக ஒரு தெர்மாமீட்டர், தரையில் பரப்பக் கொஞ்சம் மரத்தூள். எல்லாம் சேர்த்து ஒரே அட்டைப்பெட்டியில் 150 பவுண்டுக்குப் பக்கத்தில் வருகிறது. தூக்கிக்கொண்டு வந்துவிடலாம், வசதிதான். ஆனால் அந்தக் காசில் பெரும்பகுதி கண்ணாடிக்குப் போகிறது. ஆமைக்கு வேண்டியது வெயில். அக்டோபரிலிருந்து மார்ச் வரை இந்த ஊரில் கிடைக்காத சரக்கு அதுதான். அதனால் கிட்டை ஒதுக்கிவிட்டு, சாமான்களைத் தனித்தனியே வாங்கி, ஒரு குளிர்காலம் முழுக்க ஓட்டிப் பார்த்தேன்.

எங்களிடம் இருப்பது ஹார்ஸ்ஃபீல்டு ஆமை. கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளைச் சேர்ந்தது. முழுதாக வளர்ந்தாலும் ஓடு ஒரு சாணைக் கொஞ்சம்தான் தாண்டும். 1968 செப்டம்பரில் சோவியத் யூனியனின் சோண்ட் 5 விண்கலம் நிலவைச் சுற்றிக் கொண்டுவந்தது இந்த இனத்து ஆமைகள் இரண்டைத்தான். அப்போலோ 8 கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே அவை போய்விட்டு, இந்தியப் பெருங்கடலில் வந்து இறங்கின. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததே தவிர உயிருக்குச் சேதமில்லை. அதனால் என் மகள் இதற்கு வைத்த பெயரும் சோண்ட். ஆமை புகுந்த வீடு உருப்படுமா என்று மதுரையிலிருந்து மாமியார் போனில் கேட்டது தனிக்கதை.

முதலில் விளக்கு. பட்ஜெட்டில் பாதி இதற்கே போனாலும் தப்பில்லை. தோலில் யூவி-பி கதிர் பட்டால்தான் ஆமையின் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இல்லாவிட்டால் இலையின் மேல் எவ்வளவு கால்சியம் பொடி தூவினாலும் உடம்பில் சேராது. எலும்பும் ஓடும் மெத்தென்று ஆகி, தாடை வளைந்து, கடைசியில் நடையே நின்றுவிடும். ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவி-பி-யை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் மட்டும் உள்ளே வரும்.

கடையில் மூன்று வகை கிடைக்கிறது. கிட்டோடு வரும் சுருள் பல்பின் கதிர் ஒரு கையகல இடத்தில்தான் விழும். ஆமை நாலு அடி நகர்ந்தால் ஒன்றுமில்லை. மெர்குரி வேப்பர் பல்பு சூடும் யூவியும் சேர்த்துத் தரும், ஆனால் அதை டிம் செய்ய முடியாது. அணைத்துவிட்டால் ஆறும்வரை மறுபடி எரியாது. மூன்றாவது டி5 குழல் விளக்கு. நான் வாங்கியது ஆர்கேடியாவின் 24 வாட், 12 சதவீத யூவி-பி வகை, பின்னால் அலுமினிய ரிஃப்ளெக்டரோடு. நம் வீட்டு ட்யூப்லைட்டைப் பாதியாக வெட்டிய நீளம், விரல் தடிமன். வெளிச்சம் ஒரு பட்டையாக விழுவதால் ஆமையின் முழு உடம்பும் அதற்குள் அடங்குகிறது.

உயரம்தான் இதில் உயிர். நண்பரிடம் இரவல் வாங்கிய சோலார்மீட்டர் 6.5-ஐ வைத்து அளந்தேன். குழலுக்குக் கீழே 38 செ.மீ. தூரத்தில் யூவி குறியீடு மூன்றரை சுமார். 20 செ.மீ.க்கு இறக்கினால் 7-ஐத் தாண்டுகிறது, 60-க்கு ஏற்றினால் ஒன்றரைக்குக் கீழே போகிறது. அமெரிக்க உயிரியலாளர் கேரி ஃபெர்குசனின் குழு பல்லிகளும் பாம்புகளும் காட்டில் எவ்வளவு யூவியில் நிற்கின்றன என்று அளந்து, 2010-ல் நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. வளர்ப்பவர்கள் பின்னால் அதை ஆமைகளுக்கும் நீட்டித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் ஹார்ஸ்ஃபீல்டுக்கு மூன்றாம் மண்டலம்: வெயில் காயும் இடத்தில் உச்ச அளவு 2.9-லிருந்து 7.4-க்குள். ஆக 38 செ.மீ. தாராளம். நடுவே கம்பி வலை வைத்தால் மூன்றில் ஒரு பங்கு கதிர் வலையோடு போய்விடும், அதனால் குழல் வலைக்குக் கீழே இருக்க வேண்டும். விளக்கு ஆமைக்கு நேர் மேலே தொங்குவதும் முக்கியம். பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் கதிர் நேரே கண்ணில் குத்தும்.

சூட்டுக்குத் தனியாக 100 வாட் ஹாலஜன் ஃப்ளட் பல்பை டி5-க்கு ஒட்டினாற்போல் தொங்கவிட்டேன். வெயிலில் நிற்கும்போது வெளிச்சமும் சூடும் ஒரே இடத்தில்தானே கிடைக்கும். ஸ்பாட் பல்பு வேண்டாம். முதுகின் நடுவில் ஒரு காசளவு இடம் கொதிக்க, கால்கள் குளிரில் கிடக்கும். அடியில் போடும் சூடேற்றும் பாயும் வேண்டாம். ஆமைக்கு மண்ணைத் தோண்டினால் குளிர்ச்சி கிடைக்க வேண்டும், அங்கே அடுப்பு இருந்தால் அது எங்கே போகும்?

இந்த வரிசையில் மலிவான சாமான் ஒன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது: 15 பவுண்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் துப்பாக்கி. சுவரில் ஒட்டிய வட்ட மீட்டர் 27 டிகிரி என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், விளக்குக்கு நேர் கீழே கிடந்த கருங்கல் பலகையைச் சுட்டால் 36. பலகையின் மேல் உட்கார்ந்திருந்த சோண்டின் முதுகு உச்சியைச் சுட்டால் 41. ஓடு விளக்குக்கு அத்தனை நெருக்கம். விளக்கைச் சங்கிலியில் இரண்டு வளையம் ஏற்றியதும் முதுகு 35-க்கு வந்தது. மறு கோடியில் மண் 20. இந்த வித்தியாசம்தான் ஆமைக்கு வேண்டும். சூடு போதும் என்றால் நடந்து போய்க் குளிரில் படுத்துக்கொள்ளும். வட்ட மீட்டரை வாங்குவதும் காசைத் தூக்கி எறிவதும் ஒன்றுதான்.

ஹாலஜனுக்கு டிம்மிங் தெர்மோஸ்டாட்தான் பொருந்தும். சாதா ஆன்-ஆஃப் வகை போட்டால் பல்பு விட்டுவிட்டு எரிந்து அறையே டிஸ்கோ ஆகிவிடும். என்னுடையது ஒழுங்காகவே வேலை செய்கிறது, ஒரு குறையைத் தவிர. சென்சார் ஒயர் வெறும் பிளாஸ்டிக் நுனியோடு வருகிறது, பிடிக்க ஒரு கிளிப்கூடக் கிடையாது. தோண்டும் பிராணி அதை ஈர மண்ணுக்குள் புதைத்துவிட்டது. சென்சாருக்குக் குளிர் தெரிய, தெர்மோஸ்டாட் பல்பை முழு வீச்சில் எரியவிட்டது. ஒயரைப் பெட்டியின் மரச்சுவரில் ஆணி கிளிப்பால் இறுக்கிய பிறகுதான் நிம்மதி. ஊர்வன வளர்ப்பவர்களுக்கென்றே விற்கும் பொருளில் இதை யோசிக்காதது ஆச்சரியம்.

ஸ்மார்ட் பிளக்கைப் பற்றி இரண்டே வரி. ஆப்பில் கிராஃப் எல்லாம் அழகாக வருகிறது. வைஃபை படுத்த ஒரு காலை விளக்கு எரியவில்லை. 6 பவுண்டு சுழல் டைமருக்கு மாறிவிட்டேன், பகல் 12 மணி நேரம், இரவு முழு இருட்டு. இரவுக்கென்று விற்கும் சிவப்பு பல்பு தேவையில்லை, ஆமைக்குச் சிவப்பு நன்றாகவே தெரியும்.

இனி வீடு. கண்ணாடிச் சுவர் இருப்பது ஆமைக்குப் புரிவதில்லை. எதிரே வழி இருக்கிறதென்று நினைத்து நாளெல்லாம் அதில் முட்டிக்கொண்டே நடக்கும். இங்கே பலரும் செய்வது, பழைய புத்தக அலமாரியை மல்லாக்கப் போட்டுத் தட்டுகளைக் கழற்றிவிடுவது. நான் 120-க்கு 60 செ.மீ. மரப்பெட்டி ஒன்றை மேல் திறந்தபடி செய்வித்து, உள்ளே தோட்டக் குளத்துக்கு விரிக்கும் ரப்பர் ஷீட்டை விரித்தேன். அது இல்லாவிட்டால் ஈரத்தில் பலகை உப்பிவிடும். அதன்மேல் உரம் கலக்காத தோட்ட மண்ணும் கழுவிய மணலும் சரிபாதி. முழுக்க 15 செ.மீ. ஆழத்துக்குக் கொட்டினால் நூறு லிட்டருக்கு மேல் மண் வரும், எடை 140 கிலோவைத் தொடும். பெட்டி நிற்கும் மேசையின் கால்கள் தாங்காது. அதனால் குளிர்ந்த பக்கம் மட்டும் ஆழம், விளக்குப் பக்கம் மெல்லிய படுகை. மூலைகளில் உள்பக்கமாக நீட்டிய பலகை அவசியம். இந்த இனம் ஏறும். பார்க்க நம்ப முடியாது, ஆனால் ஏறும்.

மண் மேலே உலர்ந்தும் கீழே ஈரமாகவும் இருக்க வேண்டும். காட்டில் ஹார்ஸ்ஃபீல்டு ஆண்டின் பெரும்பகுதியை வளைக்குள்தான் கழிக்கிறது, வளைக்குள் காற்று ஈரம். வியன்னாவில் வீஸ்னர், ஐபன் இருவரும் ஆப்பிரிக்க முள்தொடை ஆமைக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்தில் வளர்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட காற்றில் வளர்ந்தவற்றின் ஓடுதான் மேடுமேடாகப் புடைத்தது. புரதத்துக்கு அதில் சிறு பங்குதான். ஈரப்பத மீட்டர் 10 பவுண்டுக்குக் கிடைக்கும், நம்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொழகொழவென்று நனைத்து, மீட்டரோடு சேர்த்து ஒரு டப்பாவில் காற்றுப் புகாமல் ஓர் இரவு மூடி வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். என்னுடையது 69 காட்டியது. பரவாயில்லை, ஆறைக் கூட்டிக்கொள்கிறேன்.

கரண்ட் பில்? இரண்டு விளக்கும் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஒன்றரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் மாதம் 11 பவுண்டு சுமார். டி5 குழலை வருடம் ஒரு முறை மாற்ற வேண்டும். வெளிச்சம் அப்படியே இருக்கும், யூவி மட்டும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். சோலார்மீட்டர் விலை 200 பவுண்டுக்கு மேல். ஒற்றை ஆமைக்காக அதை வாங்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்தக் காசுக்குப் பல குழல் வாங்கலாம்.

இதைப் படித்துவிட்டு இந்தியாவில் ஆமை வளர்க்க ஆசைப்படுபவர்களுக்கு: பறவைச் சந்தையில் ரகசியமாக நீட்டும் நட்சத்திர ஆமையைத் தொடாதீர்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருந்தாலே சிறை. 2019-லிருந்து, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலிலும் அது உண்டு. ஹார்ஸ்ஃபீல்டு போன்ற சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வளர்ப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.