லேப் சுரைக்காய்

நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நான் ஒரு சின்ன வேலை கொடுப்பதுண்டு. என் லேப்டாப்பில் இரண்டு ரௌட்டர்கள் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே ஓஎஸ்பிஎஃப் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். சொல்லாமல் விடுவது ஒன்று: ஒரு பக்க இன்டர்ஃபேஸில் எம்டியூவை 1500-லிருந்து 1400-க்கு இறக்கி வைத்திருப்பேன்.

சில மாதங்களுக்கு முன் வந்த இளைஞர் தன் ரெஸ்யூமில் சிசிஐஇ லேப் தேர்வுக்குத் தயாராகி வருவதாகப் போட்டிருந்தார். விரல்கள் பறந்தன. இரண்டே நிமிடத்தில் இரு பக்கமும் கான்ஃபிக் முடிந்தது. நெய்பர் நிலையைப் பார்க்கும் ஷோ கட்டளையைப் போட்டார். ஒரு பக்கம் எக்ஸ்ஸ்டார்ட், மறு பக்கம் எக்ஸ்சேஞ்ச். ஃபுல் வரவில்லை. உடனே ஓஎஸ்பிஎஃப் மொத்தத்தையும் அழித்துவிட்டு அதே வரிகளைத் திரும்ப அடித்தார். பிறகு இன்னொரு முறை. மூன்று முறையும் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. கடைசியில் நிமிர்ந்து, "சார், இந்த இமேஜ்லயே ஏதோ பக் இருக்கும்போல" என்றார்.

திரை அவரிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. ஹலோ போய் வருகிறது, இரண்டு ரௌட்டர்களும் ஒன்றையொன்று பார்த்துவிட்டன, டேட்டாபேஸ் விவரங்களை மாற்றிக்கொள்ளும் இடத்தில் நின்றுவிட்டன என்பதுதான் அந்த இரண்டு சொற்களுக்கும் பொருள். அந்த இடத்தில் அனுப்பும் பாக்கெட்டில் ரௌட்டர் தன் எம்டியூவையும் எழுதி அனுப்பும். தன்னுடையதைவிடப் பெரிய எண் வந்தால் எதிர்முனை அதை ஏற்காது. இந்த நிலையைப் படித்தால் போதும், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். அவருக்குக் கை பழகியிருந்தது, கண் பழகவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படிப்பட்டவர்களைச் சலித்தெடுக்கத்தான் அந்தத் தேர்வே பிறந்தது. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தேர்வு ஏட்டுச் சுரைக்காய், கறிக்கு உதவாது என்ற எண்ணத்தில்தான் 1993-இல் சிஸ்கோ சிசிஐஇ லேப் தேர்வைக் கொண்டுவந்தது. தேறுகிறவர்களுக்குத் தரும் வரிசை எண்களில் 1024 என்ற முதல் எண்ணை லேபுக்கே கொடுத்தார்கள், கணினிக்காரர்களின் குறும்பு அது. 1025 ஸ்டூவர்ட் பிக்ஸுக்கு. 1026 டெர்ரி ஸ்லாட்டரிக்கு, சிஸ்கோவுக்கு வெளியிலிருந்து தேறிய முதல் ஆள் அவர். அப்போது தேர்வு இரண்டு நாள். ஒரு நெட்வொர்க்கைக் கட்டி முடித்த பின், தேர்வர் வெளியே போயிருக்கும் நேரத்தில் கண்காணிப்பாளர் உள்ளே நுழைந்து சில இடங்களில் பழுது வைத்துவிடுவார். திரும்பி வந்து கண்டுபிடிக்க வேண்டும். 2001 அக்டோபரில் இரண்டு நாள் எட்டு மணி நேரமாகச் சுருங்கியது. பழுது வைக்கும் அந்தச் சடங்கு அதோடு போயிற்று. அந்தத் தேர்வில் நடந்த மிகப் பெரிய இழப்பு அதுதான் என்பேன்.

இருந்தாலும் லேப் தேர்வுக்குத் தயாராவது ஒருவரை எந்த அளவுக்கு மாற்றும் என்பதைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. நானும் அந்த வழியில் வந்தவன்தான். பழைய வடிவத்தில் ஒரு கேள்விக்கு மூன்று மதிப்பெண் என்றால் மூன்று அல்லது பூஜ்யம், நடுவில் ஒன்றும் இல்லை. முக்கால்வாசி சரி என்பதற்கு நெட்வொர்க்கில் மதிப்பில்லை என்பதை இதைவிடப் பச்சையாக யாரும் சொல்ல முடியாது. ரெட் ஹாட்டின் லினக்ஸ் தேர்விலும் இதே கறார்தான். செய்த மாற்றம் ரீபூட் ஆன பிறகும் நிற்க வேண்டும், இல்லையென்றால் செய்யாத கணக்கு. கண்ணெதிரே ஓடியதே என்று வாதாட முடியாது. இன்னொன்று, வண்ணப் பென்சிலும் தாளும். கேள்வித்தாளை முழுக்கப் படித்து, படத்தைக் கையால் திரும்ப வரைந்து, ஒவ்வொரு ரூட்டிங் எல்லைக்கும் ஒரு நிறம் கொடுத்த பிறகே கீபோர்டைத் தொடு என்று சொல்லித் தருவார்கள். பதினைந்து வருடங்களாக என் மேசை டிராயரில் அந்தப் பென்சில்கள் கிடக்கின்றன.

எல்லாவற்றையும்விட, ஒன்றோடொன்று மோதும் சங்கதிகளைத் தேர்வு நம் முன்னால் தள்ளுகிறது. தனித்தனியாகப் படித்தவனுக்கு இது பிடிபடாது. ஈஐஜிஆர்பி ஒரு பக்கம், ஓஎஸ்பிஎஃப் மறு பக்கம், நடுவே இரண்டு எல்லை ரௌட்டர்கள், இரண்டு பக்கமும் ரீடிஸ்ட்ரிப்யூஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈஐஜிஆர்பிக்குள் வெளியிலிருந்து வந்த ஒரு ரூட்டின் டிஸ்டன்ஸ் 170. முதல் எல்லை ரௌட்டர் அதை ஓஎஸ்பிஎஃப்புக்குள் தள்ளிவிடும். இரண்டாம் ரௌட்டர் அதே ரூட்டை இரண்டு வழியாகவும் கேட்கும். ஈஐஜிஆர்பி சொல்வதற்கு 170, ஓஎஸ்பிஎஃப் சொல்வதற்கு 110. குறைந்த எண்ணை நம்பு என்பது விதி. ஆகவே பக்கத்துத் தெருவில் இருக்கும் வீட்டுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கும். அத்தோடு நிற்காமல், சுற்றிவந்த அந்தச் சேதியையே புதுச் சேதிபோல ஈஐஜிஆர்பிக்குள் திருப்பியும் விடும். அப்புறம் லூப்தான். தள்ளும்போதே ரூட்டுக்கு ஒரு டேக் கட்டி, அந்த டேக்கோடு வருவதை மறு எல்லையில் தடுக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் நான்கு முறை படித்தேன். ட்ரேஸ்ரூட்டில் அதே இரண்டு முகவரிகள் முப்பது வரி மாறி மாறி வந்த இரவில்தான் புரிந்தது.

இப்படி வலுவான ஒரு பயிற்சி எங்கே கெட்டுப்போகிறது? வொர்க்புக்கில். தேர்வுக் கட்டணம் 1600 டாலர், இன்றைய மதிப்பில் ஒன்றேகால் லட்ச ரூபாய்க்கு மேல். சென்னையிலிருந்து பெங்களூரு போய் வருவதும் தங்குவதும் தனி. முதல் தடவையில் தேறுகிறவர்கள் சொற்பம். இவ்வளவு பணத்தைப் பணயம் வைப்பவர், நேற்று எழுதியவருக்கு என்ன வந்தது என்று கேட்பது இயல்புதான். எழுதி வந்தவர்களின் நினைவிலிருந்து டோபாலஜியும் கேள்வியும் விடையும் திரட்டப்பட்டு விலைக்கு வந்துவிடுகின்றன. அதைத்தான் டம்ப் என்கிறோம். அப்போதிலிருந்து தயாரிப்பு என்பது அதே படத்துக்கான கான்ஃபிக்கை நோட்பேடில் மடமடவென்று அடித்து, ஒவ்வொரு ரௌட்டரிலும் ஒட்டும் வேகப் பயிற்சியாகிறது. நான் சேர்ந்திருந்த ஒரு பயிற்சிக் கூடத்தில் சுவரில் பெரிய கடிகாரம் மாட்டி, லேயர் டூ முடிக்க 40 நிமிடம் என்று கணக்குப் பார்ப்பார்கள். ஏன் இந்த வரி என்று கேட்டால், "முதல்ல பாஸ் பண்ணுங்க ஜி, ஏன்ங்கிறதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார் அங்கிருந்த சீனியர். கொடியில் காய்த்த சுரைக்காயைப் பறித்துக் கொண்டுபோய்த் திரும்பவும் ஏட்டில் வரைந்துவிட்டோம்.

இது தேர்வு நடத்துகிறவர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2009-இல் லேபின் தொடக்கத்தில் சில கேள்விகளுக்குச் சொந்தச் சொற்களில் சுருக்கமாக விடை எழுதச் சொன்னார்கள். டம்ப் படித்தவர் அங்கேயே மாட்டிக்கொள்வார் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் தமிழ் வழியில் படித்து, ரௌட்டரைக் கரைத்துக் குடித்து, ஆங்கிலத்தில் இரண்டு வரி கோர்வையாக எழுதத் தடுமாறுகிறவரும் அதே வலையில் விழுவார். எதிர்ப்பு வலுத்தது, அடுத்த ஆண்டே எடுத்துவிட்டார்கள். 2014-இல் வந்த ரௌட்டிங் ஸ்விட்சிங் ஐந்தாம் பதிப்பில் அரை மணி நேர டயக்னாஸ்டிக்ஸ் பகுதி சேர்ந்தது. அதில் தொடுவதற்கு ரௌட்டரே கிடையாது. மின்னஞ்சல்கள், லாக், படம் ஆகியவற்றைப் படித்துக் கோளாறு எங்கே என்று சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியிலிருந்து முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்பு மட்டும், அடுத்த ஐந்து மணி நேரம்தான் கருவிகளோடு வேலை. செய்முறைத் தேர்வைக் காப்பாற்றக் கீபோர்டைப் பிடுங்கி வைக்க வேண்டியிருக்கிறது! எனக்கு இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. நேர்காணலில் நான் வைத்த வேலையைக்கூட இனி வெறும் ஷோ வெளியீட்டை அச்சடித்துக் கொடுத்துக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஸ்டாட்டிக் ரூட் போடக் கூடாது, இதைத் தொடக் கூடாது, அதை மாற்றக் கூடாது என்று லேப் தேர்வு விதிக்கும் நிபந்தனைகளைப் பலரும் கேலி செய்வார்கள். நிஜத்தில் யார் இப்படிக் கோணலாகக் கட்டுவார்கள் என்பது அவர்கள் கேள்வி. எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது கையில் வந்து சேரும் நெட்வொர்க்கைப் பார்த்தவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள்.

கருவிகள் விஷயத்தில் இன்றைய தலைமுறைக்கு யோகம். ஒரு காலத்தில் பழைய 2600 வரிசை ரௌட்டர்களை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்து, விசிறி இரைச்சலில் தூங்கினோம். 2005-இல் கிறிஸ்டோஃப் ஃபியோ, ரௌட்டரைக் கணினிக்குள்ளேயே ஓட்டும் டைனமிப்ஸை எழுதினார். அதன்மேல் ஜிஎன்எஸ்3 வந்தது. ஐடில் பிசி மதிப்பைச் சரியாக வைக்காவிட்டால் ஒற்றை ரௌட்டரே கணினியின் மூச்சை நிறுத்திவிடும், அது வேறு கதை. இப்போது ஈவ்-என்ஜியில் இருபது ரௌட்டர்களை ஒரு லேப்டாப்பில் ஓட்டலாம். ஆனால் அந்த இருபதில் ஒன்றில்கூட கேபிள் தளர்ந்திருக்காது, எஸ்எஃப்பியில் தூசி இருக்காது, போர்ட் 7-க்குப் போக வேண்டியதை யாரும் 17-இல் சொருகியிருக்கமாட்டார்கள்.

அதைவிடப் பெரிய பொய் ஒன்று லேபில் உண்டு. அங்கே கன்சோல் போகவே போகாது. எந்தக் கருவியை எப்படிக் கெடுத்தாலும், உட்கார்ந்த இடத்திலிருந்து அதற்குள் நுழைய வழி திறந்தே இருக்கும். அந்த நெட்வொர்க்கில் ஆளும் இல்லை. பில் போடக் காத்திருக்கும் வரிசையோ பாதியில் நிற்கும் பரிமாற்றமோ இல்லை.

தேர்வுக்கு வெறியாகப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு வாடிக்கையாளரின் கிளை ஸ்விட்ச்சில் விலான் 30-ஐச் சேர்க்கச் சொன்னார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே உள்ளே போனேன். 'ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலான் 30' என்று அடித்தேன். 'ஆட்' என்ற சொல் விடுபட்டுவிட்டது. அந்தச் சொல் இருந்தால் 30 பட்டியலில் சேரும். இல்லாவிட்டால் இருக்கும் பட்டியல் போய் 30 மட்டும் நிற்கும். நான் உள்ளே வந்த விலானும் போனவற்றில் ஒன்று. திரை அப்படியே உறைந்தது. இதே தவற்றை லேபில் எத்தனையோ முறை செய்து, மறு வரியில் திருத்தி, சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன். அன்று வியர்த்துப்போய், கிளைக்குப் போன் போட்டு, அங்கிருந்த வாட்ச்மேன் அண்ணனிடம் பச்சை விளக்கு எரிகிற பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கிச் சொருகச் சொன்னேன். மாற்றத்தை நான் சேமிக்காமல் விட்டிருந்ததால் ஸ்விட்ச் பழைய கான்ஃபிக்கோடு எழுந்தது. மாற்றத்துக்கு முன்பே 'ரீலோட் இன் 10' போட்டுவைத்திருந்தால் அந்த அண்ணனுக்கு வேலை இருந்திருக்காது. எந்த வொர்க்புக்கிலும் நான் அந்த வரியைப் பார்த்ததில்லை. மதிப்பெண் இல்லாத வரி அது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான், அளவுதான் வேறு. 2021 அக்டோபர் 4 அன்று பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு இணைப்புகளை மொத்தமாக அறுத்தது. அதன் டிஎன்எஸ் சர்வர்கள் தங்கள் பிஜிபி அறிவிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் காணாமல் போயின. சரிசெய்யத் தெரிந்தவர்களுக்குத் தொலைவிலிருந்து உள்ளே நுழைய வழியில்லை, டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியதாயிற்று. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸில் ஒரு ரூட் ஃபில்டரை எடுத்தார்கள். ரூட்டுகள் வெள்ளமாகப் பாய்ந்து கோர் ரௌட்டர்கள் சாய்ந்தன. நிர்வாக நெட்வொர்க்கும் அதே கோரை நம்பியிருந்ததால் அவர்களுக்கும் கதவு அடைத்துக்கொண்டது. கட்டளையின் இலக்கணம் தெரியாமல் நடந்த விபத்துகள் அல்ல இவை.

அந்த இளைஞரை வேலைக்கு எடுத்துக்கொண்டேன். மூன்றாம் முறையும் பிழையில்லாமல் அடித்த பொறுமைக்காக என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேளச்சேரியில் அறைத்தோழனோடு சேர்ந்து இப்போது வேறு மாதிரி படிக்கிறார். ஒருவர் லேபைக் கட்டி முடித்துவிட்டு டீ குடிக்க இறங்கிப் போவார். அந்தப் பத்து நிமிடத்தில் மற்றவர் மூன்று இடத்தில் பழுது வைப்பார். திரும்பி வந்தவர் கான்ஃபிக்கைப் பார்க்கவே கூடாது, மற்ற ஷோ கட்டளைகளை வைத்து மட்டும் கண்டுபிடிக்க வேண்டும். பழைய இரண்டு நாள் தேர்விலும் இப்படித்தான் ஆள் இல்லாத நேரத்தில் பழுது வைத்தார்கள் என்று சொன்னேன், அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

போன வாரம் இவர் டீ குடித்துவிட்டு மேலே வந்து தேடத் தொடங்கினாராம். நாற்பது நிமிடம் எல்லா நெய்பரையும் எல்லா டேபிளையும் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் தோற்றேன் என்று ஒப்புக்கொண்டபோது தோழன் கட்டிலில் புரண்டு சிரித்தான். அன்று அவன் எதையுமே உடைக்கவில்லை.